மாமாவின் குண்டும் என் கையும்

போன மாதம் பெங்களூரிலிருந்து பேரன் வந்திருந்தான். பையிலிருந்து துணிமணிகளை எடுத்துப் போடும்போது ஒரு வெள்ளைப் பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து எடுக்க என் இடுப்பு ஒத்துழைக்காது. அவனே எடுத்து என் கையில் கொடுத்தான். எலுமிச்சம்பழ அளவு, மேலெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். கோல்ஃப் பந்து.

கம்பெனி நண்பர்களோடு சனிக்கிழமைகளில் ஆடப் போகிறானாம். "முதல்ல சாம்பியன்கள் ஆடற பந்தையே ஒரு டஜன் வாங்கினேன் தாத்தா. பாதி குளத்துல போச்சு, மீதி புதர்ல போச்சு. அப்புறம்தான் சொல்லிக்கொடுக்கறவர் திட்டினார்" என்றான்.

அவர் சொன்னதை அவன் எனக்கு விளக்கினான். கோல்ஃப் பந்து 45.93 கிராமுக்கு மேல் கனக்கக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அதற்குள் எத்தனையோ வகை. விலை கூடிய பந்துக்கு மேல்தோல் மெத்தென்று இருக்கும், உள்ளே மூன்று நான்கு அடுக்கு இருக்கும், நன்றாகச் சுழலும். கைதேர்ந்தவர் அந்தச் சுழற்சியை வைத்தே பந்தைக் குழிக்குப் பக்கத்தில் நிறுத்துவார். புதிதாகப் பழகுகிறவன் கோணலாக அடித்தால், அதே சுழற்சி பந்தை இன்னும் கோணலாக இழுத்துக்கொண்டு போகும். அவனுக்கு ஏற்றது கெட்டித் தோல் போட்ட சாதாரண இரண்டு அடுக்குப் பந்து. அவ்வளவாகச் சுழலாது, நேராகப் போகும், விலையும் குறைவு.

"நம்ம ஆட்டத்தைப் பார்த்துத்தான் பந்து வாங்கணும் தாத்தா, அடுத்தவன் ஆட்டத்தைப் பார்த்து இல்லை" என்று முடித்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பாடத்தைப் படிக்க அவனுக்கு ஒரு டஜன் பந்து செலவாயிற்று. எனக்கு எட்டு வருஷம் செலவாயிற்று, கூடவே வலது கைக் கட்டைவிரலும்.

நான் ஆடுவது கோல்ஃப் இல்லை. எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்து வாசகர்களில் சிலர், சாயங்கால வேளையில் என் வீட்டுப் பின்புறம் நாலு கிழவர்கள் இரும்புக் குண்டு வீசிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெயர் பெத்தாங். பிரெஞ்சுக்காரர்களின் ஆட்டம். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது பம்பரம், கோலி மாதிரி.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. தரையில் ஒரு சின்ன வட்டம் போட்டு அதற்குள் இரண்டு காலையும் ஊன்றி நிற்க வேண்டும். முதலில் ஒரு சிறு மரக்குண்டை 6 மீட்டரிலிருந்து 10 மீட்டர் தூரத்துக்குள் போடுவார்கள். அதற்குப் பிரெஞ்சில் 'கொஷோனே', அதாவது பன்றிக்குட்டி என்று பெயர். நாங்கள் சுருக்கமாகக் 'குட்டி' என்போம். அதற்கு மிக அருகில் யார் இரும்புக் குண்டு நிற்கிறதோ அவர் கட்சிக்குப் புள்ளி. முதலில் 13 புள்ளி எடுத்தவர் ஜெயித்தார். குட்டிக்குப் பக்கத்தில் பதமாகக் கொண்டுபோய் வைப்பது ஒரு வேலை. எதிராளி வைத்த குண்டை அடித்துத் தூக்குவது இன்னொரு வேலை. வைக்கிறவர், அடிக்கிறவர் என்று ஆட்டக்காரர்கள் இரண்டு ஜாதி. நாட்டில் உள்ள ஜாதிகளைப் போல இல்லை, இதில் மாறிக்கொள்ளலாம். ஆனால் மாற மனசு வர வேண்டும். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் தாய்மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். இந்தோசீனா, அல்ஜீரியா எல்லாம் பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பினார். 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்கு 12 வயது. ஆறு மாதத்துக்குள் விருப்பப்பட்டவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதிக் கொடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மாமா எழுதிக் கொடுத்தார். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் இதற்காகச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஒரே திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தார்கள், கடைசி வரை.

மாமாவின் தோல் பையில் மூன்று இரும்புக் குண்டுகள் இருக்கும். அவர் பெயரின் முதல் எழுத்துக்கள் அதில் வெட்டியிருக்கும். கடற்கரைப் பக்கம் திடலில் பழைய சொல்தாக்கள் கூடி ஆடுவார்கள். மாமா அடிக்கிறவர். கை வீசினார் என்றால் 'டங்' என்று ஒரு சத்தம். எதிராளியின் குண்டு பறந்துவிடும், அது இருந்த இடத்திலேயே மாமாவின் குண்டு உட்கார்ந்திருக்கும். அதற்குக் 'கரோ' என்று பெயர். கூட்டம் கைதட்டும். ஆனந்த ரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் வரும் துப்பாக்கி மரியாதை எல்லாம் எனக்கு அந்த 'டங்'குக்கு ஈடாகாது.

ஒருநாள் அந்தக் குண்டை இரண்டு கையாலும் தூக்கி வீசப் பார்த்தேன். கால் பெருவிரலில் போட்டுக்கொண்டு அழுதேன். மாமா என்னவோ சொல்லித் தேற்றினார். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பிரெஞ்சில் படித்தவன். படித்து முடித்து வேலைக்குப் போகும்போது ஆபீசில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்திருந்தது. 1972-ல் கிளார்க்காகச் சேர்ந்து முதல் மாதம் ஒரு நோட் எழுத அகராதியை நாலு தடவை புரட்டுவேன். பழகிக்கொண்டேன், 2010-ல் ஓய்வு பெறும் வரை. ஆனாலும் அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்த மாதிரிதான் அந்த 38 வருஷமும். கடிக்காத நாள் இல்லை.

மாமா 1994-ல் காலமானார். அவர் மகன், என் மச்சான், அதற்கு முன்பே பிரான்சில் குடியேறிவிட்டான். அவனுக்கு இந்த ஆட்டத்தில் ஆசை இல்லை. குண்டுப் பை என் கைக்கு வந்தது. ஓய்வு பெற்ற மறுவருஷம் மனைவியின் ஊரான இந்தப் புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது பீரோ, புத்தகங்களோடு அந்தப் பையும் வந்தது.

வீட்டுக்குப் பின்னால் சரள் கொட்டிச் சமப்படுத்திய இடம் இருந்தது. உப்பளத்தில் கணக்கெழுதி ஓய்ந்த அண்ணாச்சி ஒருவர், ஹார்பர் பட்டறையில் இருந்து ரிட்டையர் ஆன நண்பர், ஒரு தமிழாசிரியர், நான் என்று செட்டு சேர்ந்தது. அவர்கள் மூவருக்கும் மச்சான் ஊருக்கு வந்தபோது வாங்கி வந்த சாதாரணக் குண்டுகள். எனக்கு மட்டும் மாமாவின் குண்டு. நான்தான் வாத்தியார் ஆயிற்றே! அதனால் அடிக்கிறவனும் நானே.

எட்டு வருஷம் ஆடினேன். பத்துக்கு ஏழு குண்டு இலக்கைத் தொடாது. தொட்டாலும் ஓரத்தில் உரசிவிட்டு ஓடும். கை வியர்த்தால் நழுவும். ஒருநாள் அண்ணாச்சி அவருடைய பாணியில், "சார்வாள், நீங்க எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கரெக்டா இருக்கு. வீசும்போதுதான் கோளாறு" என்றார். மற்றவர்கள் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

அது போதாதென்று தூத்துக்குடி உப்புக்காற்று. பழைய கார்பன் ஸ்டீல் குண்டு. ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டு நாள் துடைக்காமல் விட்டால் துரு பூத்துவிடும். தினமும் ராத்திரி எண்ணெய்த் துணியால் துடைப்பேன். பூஜை சாமான் மாதிரி.

பிறகு வலது கட்டைவிரல் அடிமூட்டில் வலி ஆரம்பித்தது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கையெழுத்துப் போட முடியவில்லை. கிளார்க்குக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்! டாக்டர் மூட்டுத் தேய்மானம் என்றார். "எதையாவது பெரிசா இறுக்கிப் பிடிக்கிறீங்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த மனைவி விடவில்லை. முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டாள்: "ஏங்க, உங்க மாமா கைக்கு வாங்கின குண்டை உங்க கைக்கு எதுக்கு? அவரு கை முறம் மாதிரி இருக்கும். உங்களுது பேனா பிடிச்ச கை."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் ஹார்பர் நண்பரிடம் வெர்னியர் காலிப்பரை வாங்கி, அதுவரை செய்யாத வேலையைச் செய்தேன். மாமாவின் குண்டை அளந்தேன். 76 மில்லிமீட்டர். எடை குண்டிலேயே வெட்டியிருந்தது, 690 கிராம்.

இனி நான் படித்தும் பட்டும் தெரிந்துகொண்ட விஷயம். ஆடாதவர்களும் படிக்கலாம்.

போட்டிக் குண்டின் விட்டம் 70.5 மில்லிமீட்டரிலிருந்து 80 வரை இருக்கலாம். எடை 650 கிராமிலிருந்து 800 வரை. உள்ளே கூடு, ஈயமோ மணலோ ரொப்பக் கூடாது. இந்த எல்லைக்குள் எதை எடுப்பது என்பது அவரவர் பாடு.

முதலில் விட்டம். இதைக் கை மட்டும்தான் தீர்மானிக்க வேண்டும். உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி குண்டைப் பிடியுங்கள். இறுக்காமலே நின்றால் அது உங்கள் அளவு. நழுவாமல் இருக்க விரலை நெரிக்க வேண்டியிருந்தால் பெரிது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் நம் தூத்துக்குடி வியாபாரிகள் வெவ்வேறு அளவுத் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் முத்தைச் சலித்துத் தரம் பிரிப்பார்கள். எந்தச் சல்லடையில் நிற்கிறதோ அதுதான் அதன் அளவு. வாதாடி மாற்ற முடியாது. கையும் அப்படி ஒரு சல்லடைதான். என் கைக்கு 76 நிற்கவில்லை, எட்டு வருஷமாக நெரித்துப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

இரண்டாவது, உங்கள் வேலை என்ன? அடிக்கிறவர் கொஞ்சம் பெரிய, இலேசான குண்டை எடுப்பார். பெரிதாக இருந்தால் இலக்கில் படும் வாய்ப்பு அதிகம். இலேசாக இருந்தால் நாள் முழுக்க வீசினாலும் தோள் தாங்கும். இரும்பும் மிருதுவாக இருக்கும். மோதியதும் அதிகம் துள்ளாமல் அங்கேயே நிற்கும். வைக்கிறவர் சிறிய, கனமான குண்டை எடுப்பார். சிறியது என்றால் எதிராளி அடிப்பது கஷ்டம். கனமானது என்றால் சரளில் வழி மாறாமல் போகும், சுலபத்தில் தள்ளிவிட முடியாது. மேலே கோடு வெட்டியிருந்தால் விரலுக்கும் பிடிப்பு, தரையிலும் பிடிப்பு.

மூன்றாவது, ஊர். நம் கடற்கரைக் காற்றுக்குக் கார்பன் ஸ்டீல் பிடிப்பாக இருந்தாலும் தினமும் எண்ணெய் கேட்கும். எவர்சில்வர் குண்டு துரு ஏறாது. வியர்த்த கையில் வழுக்கும்தான். கோடு வெட்டியதாக எடுத்து, இடுப்பில் ஒரு துண்டும் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

நான்காவது, வயது. இதை எந்த அட்டவணையும் சரியாகச் சொல்லாது. வைக்கிறவருக்கு 700 கிராமுக்கு மேல் என்று புத்தகம் சொல்லும். என் மணிக்கட்டோ 680-ஐத் தாண்டாதே என்றது. மணிக்கட்டுச் சொன்னதைத்தான் கேட்டேன்.

இந்த ஆட்டம் பிறந்த கதையும் இங்கே சொல்லத் தக்கது. தென் பிரான்சில் மார்செய் பக்கம் லா சியோத்தா என்று ஒரு கடலோர ஊர். அங்கே முன்பு, ஓடிவந்து தூரமாகக் குண்டு வீசுகிற ஆட்டம்தான் இருந்தது. 1910-ஐ ஒட்டி, நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒருவருக்கு மூட்டுவாதம் வந்து ஓட முடியாமல் போயிற்று. நண்பர்கள் அவரை ஓரமாக உட்கார வைக்கவில்லை. தூரத்தைக் குறைத்தார்கள், ஓட்டத்தை எடுத்தார்கள், நின்ற இடத்திலிருந்தே வீசலாம் என்று வைத்தார்கள். ஊன்றிய பாதம் என்று பொருள்படும் அந்த ஊர்ப் பேச்சு வார்த்தைதான் 'பெத்தாங்' ஆயிற்று. ஒருவர் முழங்காலுக்காக ஆட்டத்தையே மாற்றியிருக்கிறார்கள். நான் என் கட்டைவிரலுக்காக ஒரு குண்டை மாற்ற எட்டு வருஷம் யோசித்தேன்.

யோசித்ததற்குக் காரணம் காசு இல்லை. மாமாவை மாற்றுகிற மாதிரி இருந்தது. மச்சானுக்குப் போன் செய்தபோது இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வானிலை, பிள்ளைகள் படிப்பு என்று பத்து நிமிஷம் சுற்றினேன். கடைசியில் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அத்தான், அப்பாவோட மோதிரம் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. என் விரல்ல நிக்காது. அதுக்காக நூல் சுத்தியா போட்டுக்கிட்டுத் திரியறேன்? உங்க அளவைச் சொல்லுங்க" என்றான்.

72 மில்லிமீட்டர், 680 கிராம், எவர்சில்வர், கோடு வெட்டியது என்று சொன்னேன். 1955-லிருந்து குண்டு செய்கிற ஒபுத் கம்பெனியின் மூன்று குண்டுகளை வாங்கி, லீவில் புதுச்சேரி வந்தபோது அங்கிருந்து பார்சல் போட்டான். விலாசத்தில் 'புதுக்கோட்டை' என்று மட்டும் எழுதி, மாவட்டத்தையும் பின்கோடையும் விட்டுவிட்டான். பார்சல் தொண்டைமான் சீமைப் புதுக்கோட்டைக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு மூன்று வாரம் கழித்து வந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதா என்ன!

பிரித்துக் கையில் எடுத்தேன். கை மூடியது. வலிக்கவில்லை. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

அன்று சாயங்காலம் நண்பர்களிடம், "இனி நான் அடிக்கிறவன் இல்லை, வைக்கிறவன்" என்றேன். ஒரு பதவியை ராஜினாமா செய்வது போலத்தான் இருந்தது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஹார்பர் நண்பர் மட்டும், "அப்போ அடிக்கிறது யாரு சார்?" என்றார்.

அவர் கையைப் பார்த்தேன். முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்த கை. உள்ளே போய்த் தோல் பையை எடுத்து வந்து, மாமாவின் குண்டு ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கவிழ்த்துப் பிடிக்கச் சொன்னேன். இறுக்காமலே நின்றது.

"வேண்டாம் சார், இது உங்க மாமாவோடது" என்றார்.

"வீசுங்க" என்றேன்.

முதல் இரண்டு குறி தப்பியது. மூன்றாவது, 'டங்'. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! ஆசிரியரின் குண்டு வேலியோரம் போய் விழுந்தது, அது இருந்த இடத்தில் மாமாவின் குண்டு உட்கார்ந்திருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். புழுதி என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை.

அப்போதுதான், பெருவிரலில் குண்டைப் போட்டுக்கொண்டு அழுத அன்று மாமா சொன்னது ஞாபகம் வந்தது. "இது என் கைக்கு எடுத்ததுடா. நீ பெரியவனானதும் உன் கைக்குன்னு ஒண்ணு வாங்கிக்கோ" என்றார். என்னைத் தேற்றுவதற்குச் சொன்னது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். 58 வருஷம் கழித்து அவர் சொன்னபடி செய்திருக்கிறேன், வேறொன்றும் இல்லை.

இப்போது நானும் ஹார்பர் நண்பரும் ஒரு கட்சி. நான் வைக்கிறேன், அவர் அடிக்கிறார். தோற்கிற நாளும் உண்டு. ஆனால் மறுநாள் காலையில் டம்ளரைப் பிடிக்க முடிகிறது, கையெழுத்துப் போட முடிகிறது. குண்டுக்கு எண்ணெய் போடும் வேலையும் அவருடையதாகிவிட்டது. என்னைவிடப் பக்தியாகச் செய்கிறார்.

கதையைக் கேட்டு முடித்த பேரன் தன் கோல்ஃப் பந்தை என்னிடமே விட்டுவிட்டு ஊருக்குப் போனான். மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். அந்த வேலைக்கு அது சரியான அளவு.

படிக்கிற உங்கள் வீட்டிலும் ஏதாவது இருக்கும். அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு, தாத்தாவின் கைத்தடி, அண்ணனின் சைக்கிள். வைத்திருங்கள், தப்பில்லை. அதைக் கொண்டு தினமும் புழங்குகிறீர்கள் என்றால் மட்டும், ஒரு தடவை அளந்து பார்த்துவிடுங்கள்.